ஒரு சதவீத அறை வாடகை: ஒரு பாலிசியின் அகழாய்வு

2022 மழைக்காலத்தில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் முறிவு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நான்காம் நாள் டிஸ்சார்ஜ். மொத்த பில் 1,80,000 ரூபாய். பாலிசி 3 லட்சத்துக்கு. பதினோரு வருஷமாக ஒரு வருஷம் கூட விடாமல் பிரீமியம் கட்டியவர் அப்பா. அதனால் பில்லைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு பில்லிங் கவுன்ட்டரில் கூப்பிட்டார்கள். "சார், இன்சூரன்ஸ்ல 90,000 அப்ரூவ் ஆயிருக்கு. மீதி 90,000 நீங்க கட்டணும்."

ஏன் என்று கேட்டேன். "ரூம் ரென்ட் லிமிட் சார். புரொபோர்ஷனேட் டிடக்‌ஷன்" என்றார் அந்தப் பெண். அவர் மேல் தப்பில்லை, நாளைக்கு இருபது பேரிடம் அதே வாக்கியத்தைச் சொல்கிறவர். நான் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு பாலிசி ஆவணத்தைத் திறந்தேன். 38 பக்கம். அதுவரைக்கும் அதை ஒரு முறை கூட முழுசாகப் படித்ததில்லை. வருஷத்துக்கு ஆயிரம் பக்கம் வரலாறு படிக்கிறவன், வீட்டில் இருந்த 38 பக்கத்தைப் படிக்கவில்லை.

இருபது வருஷத்துக்கும் மேலாக சாஃப்ட்வேர் எழுதுகிறேன். பழைய கோடைத் திறந்தால், "இது ஏன் இங்க இருக்கு, யார் எழுதினது?" என்று தோன்றும் வரிகள் நிறைய இருக்கும். எங்கள் தொழிலில் அதற்கு வழி உண்டு. எந்த வரியை யார், எந்தத் தேதியில், எதற்காகச் சேர்த்தார் என்று கருவியே காட்டிவிடும். பாலிசிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் அதுவும் பழைய கோடு மாதிரிதான். ஒவ்வொரு விதியும் ஏதோ ஒரு வருஷம், ஏதோ ஒரு நஷ்டத்துக்கோ சண்டைக்கோ பதிலாக உள்ளே வந்து, அப்புறம் வெளியே போகாமலே தங்கிவிட்டது. குழி வெட்டினால் அடுக்கு அடுக்காகத் தெரியும். அப்படி வெட்டினதன் குறிப்புதான் இந்தப் பதிவு.

நம்ம நாட்டில் இந்தக் கதை பாலிசியில் ஆரம்பிக்கவில்லை, பஞ்சாலையில் ஆரம்பிக்கிறது. நோயில் படுக்கும் தொழிலாளிக்குக் காப்பீடு வேண்டும் என்று 1931லேயே தொழிலாளர் நிலை பற்றிய ராயல் கமிஷன் சொல்லியிருந்தது. அதற்கு உருப்படியான வடிவம் கொடுத்தவர் பேராசிரியர் பி.பி. அடார்க்கர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ல் அவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது, 1944 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். அதன் மேல் எழுந்ததுதான் 1948ன் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம். நாம் எல்லாரும் இ.எஸ்.ஐ. என்று சொல்வது. 1952 பிப்ரவரி 24ஆம் தேதி கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். அதே நாளில் டில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதலில் வந்த ஊர் எங்கள் கோயம்புத்தூர், 1955ல். மில்கள் நிறைந்த ஊர் என்பதால் அதில் ஆச்சரியம் இல்லை.

இ.எஸ்.ஐ.யின் அமைப்பை ஒரு நிமிஷம் கவனியுங்கள், பின்னால் வந்தவற்றோடு ஒப்பிடத் தேவைப்படும். சம்பளத்தில் ஒரு சதவீதம் பிடிக்கிறார்கள். இன்றைக்குத் தொழிலாளி பங்கு 0.75, முதலாளி பங்கு 3.25. வயசு எத்தனை, சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா என்ற கேள்வியே கிடையாது. சிகிச்சைக்கு இவ்வளவு ரூபாய்தான் என்ற உச்சவரம்பும் கிடையாது. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். காகிதத்தில் பார்த்தால் எந்தத் தனியார் பாலிசியும் பக்கத்தில் நிற்க முடியாது. நடைமுறையில் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு என்று நூறு குறை சொல்லலாம், சொல்லணும். ஆனால் 1948ல் எழுதின வரைவு அது என்பதை நினைத்தால் எனக்கு இப்பவும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1954ல் தனித் திட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளியும் இல்லாமல், அரசு ஊழியரும் இல்லாமல் நடுவில் இருந்தவர்கள், அதாவது கடைக்காரர், வக்கீல், தனியார் கம்பெனி குமாஸ்தா, கைக்காசை நம்பித்தான் இருந்தார்கள். அப்பா வழித் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். பாட்டியின் வைத்தியத்துக்கு ஒரு சங்கிலி அடகுக்குப் போய் மீளவே இல்லை என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்படும் கதை. எந்த வீட்டில்தான் இல்லை?

இந்த நடுவில் இருந்தவர்களுக்கு வந்ததுதான் மெடிக்ளைம். பொதுக் காப்பீட்டுத் தொழில் 1972 சட்டப்படி நாட்டுடைமை ஆகி, 1973 ஜனவரி முதல் ஜி.ஐ.சி. என்ற ஒரே குடையின் கீழ் நான்கு கம்பெனிகள் இருந்தன. கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டில்லியில் ஓரியன்டல், சென்னையில் யுனைட்டெட் இந்தியா. இந்த நான்கும் 1986ல் மெடிக்ளைம் என்ற பெயரில் ஒரு பாலிசியைக் கொண்டு வந்தன. அதே சமயத்தில் வருமான வரிச் சட்டத்தில் 80டி பிரிவும் நுழைந்தது. வரி மிச்சமாகும் என்பதற்காகவே எடுத்தவர்கள் ஏராளம். பிறகு அந்தப் பெயர், ஜெராக்ஸ் மாதிரி, எல்லாருடைய பாலிசிக்கும் பொதுப் பெயராகிவிட்டது. "மெடிக்ளைம் இருக்கா?" என்றுதானே ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.

உங்கள் கையில் இருக்கும் பாலிசியின் எலும்புக்கூடு பெரும்பாலும் அந்த 1986 மாடல்தான். 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஆபரேஷன் என்றால் படுக்கைதான், ஒரு ராத்திரி கூடப் படுக்காதவருக்கு என்ன பெரிய நோய் என்ற கணக்கு. டயாலிசிஸ், கீமோதெரபி, கண் அறுவை மாதிரி சிலவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. மருத்துவம் மாறி, காலையில் போய் மத்தியானம் வீட்டுக்கு வரும் சிகிச்சைகள் நூற்றுக்கணக்கில் வந்த பிறகும் 24 மணி நேரம் என்ற வாசகம் போகவில்லை. பக்கத்தில் 'டே கேர்' என்று இன்னொரு பத்தி ஒட்டப்பட்டது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி என்றால் குறைந்தது 15 படுக்கை, 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை என்ற வரையறையும் இந்த வம்சம்தான். பெட்டிக்கடை மாதிரி ஒரு க்ளினிக்கைத் திறந்து பொய் பில் போடுவதைத் தடுக்க வந்தது. அதன் விளைவாக, ஆறு படுக்கை வைத்து நேர்மையாக வைத்தியம் பார்க்கும் தெருமுனை டாக்டரிடம் அட்மிட் ஆனால் உங்களுக்குப் பணம் வராமல் போகலாம். அவசரத்துக்கு எங்கே ஓடுவது என்பதை முன்னாலேயே பார்த்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

முன்பே இருந்த நோய் என்ற விதிக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. முதல் மெடிக்ளைமில், பாலிசி எடுக்கும்போது உடம்பில் இருந்த நோய்க்கு எந்தக் காலத்திலும் பணம் கிடையாது. பிறகு நான்கு வருஷம் காத்திருந்தால் கிடைக்கும் என்று இறங்கி வந்தார்கள். 2024ல் அது அதிகபட்சம் மூன்று வருஷமாகக் குறைந்தது. இன்னொன்றும் அதே சமயம் மாறியது. தொடர்ந்து ஐந்து வருஷம் பாலிசி நடந்துவிட்டால், "நீங்க அன்னைக்கு சர்க்கரை இருக்கறதைச் சொல்லல" என்று காரணம் காட்டி கம்பெனி பணத்தை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு இது எட்டு வருஷமாக இருந்தது. அதற்காக ஃபாரத்தில் பொய் எழுதலாம் என்று அர்த்தமில்லை. ஏஜென்ட் "அதெல்லாம் போட வேண்டாம் சார்" என்று சொன்னால், போட்டே ஆகணும் என்று நின்றுவிடுங்கள். ஐந்து வருஷத்துக்குள் ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஏஜென்ட் வரமாட்டார்.

சரி, என் 90,000க்கு வருகிறேன்.

1999ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்து தனியார் கம்பெனிகள் நுழைந்தன. 2001ல் டி.பி.ஏ. எனப்படும் இடைத்தரப்பு நிர்வாகிகளுக்கு விதிகள் வந்தன. 'கேஷ்லெஸ்' நம் ஆஸ்பத்திரிகளில் பரவியது அவர்கள் வழியாகத்தான். அதுவரைக்கும் காசைக் கட்டிவிட்டு, பில்லைக் கட்டாகக் கட்டி அனுப்பி, காத்திருப்பதுதான் வழக்கம். நோயாளி கையில் காசு புழங்காமல் போனதும் இன்னொன்று நடந்தது. "இன்சூரன்ஸ் இருக்கா?" என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொன்னால் பில் வீங்க ஆரம்பித்தது.

இங்கே சம்பந்தமே இல்லாதது போலத் தெரியும் ஒரு திருப்பம் வருகிறது. எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்த இடம் இது. 2007 ஜனவரி வரை தொழிற்சாலைகளின் தீ விபத்துக் காப்பீட்டுக்கு பிரீமியம் இவ்வளவு என்று கட்டணப் பட்டியல் இருந்தது, யாரும் குறைத்து விற்க முடியாது. அதில் லாபம் நன்றாக வந்தது. அந்தத் தொழிற்சாலைக் கணக்கைப் பிடிப்பதற்காக, அதன் ஊழியர்களின் மருத்துவக் குழுக் காப்பீட்டை நஷ்டத்துக்குக் கொடுத்து வந்தார்கள். மளிகைக் கடையில் அரிசி மூட்டைக்குப் பருப்பு இலவசம் மாதிரி. 2007ல் அந்தக் கட்டணப் பட்டியல் நீக்கப்பட்டதும் தீ விபத்து பிரீமியம் சரிந்து விழுந்தது. இதுவரை மூடியிருந்த மருத்துவக் காப்பீட்டு நஷ்டம் வெளியே தெரிந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் பொதுத்துறைப் பாலிசிகளில் அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், ஐ.சி.யூ.வுக்கு 2 சதவீதம் என்ற வரம்பு வந்து உட்கார்ந்தது. 2010 ஜூலையில் அதே நான்கு கம்பெனிகள் டில்லி, மும்பை, சென்னை, பெங்களூரின் பல பெரிய ஆஸ்பத்திரிகளில் கேஷ்லெஸ்ஸையே நிறுத்தி வைத்தன. எல்லாம் ஒரே சண்டையின் வேறு வேறு அத்தியாயங்கள்.

அறை வாடகைக்கு வரம்பு என்றால் வாடகையில்தானே பிடிக்கணும், முழு பில்லிலும் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பல ஆஸ்பத்திரிகளில் அறையின் வகையைப் பொறுத்து மற்றக் கட்டணங்களும் ஏறும். அதே சர்ஜன், அதே ஆபரேஷன், அதே தியேட்டர். பொது வார்டில் ஒரு ரேட், தனி அறையில் வேறு ரேட். அதனால் கம்பெனிகள், "நீ உன் தகுதிக்கு மேல் அறை எடுத்ததால்தான் மொத்த பில்லும் ஏறியது, எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவேன்" என்று எழுதி வைத்தன. தர்க்கம் முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் எலும்பில் வைத்த பிளேட்டுக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் எக்ஸ்ரேக்கும் அதே வெட்டு என்பது என்ன நியாயம்?

இதற்குத்தான் 2020 ஜூனில் ஆணையம் ஒரு வழிகாட்டுதல் போட்டது. விகித வெட்டிலிருந்து மூன்றை விலக்கியது: மருந்து மற்றும் ஒருமுறை உபயோகிக்கும் பொருட்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள். ஐ.சி.யூ. கட்டணத்திலும் இந்த வெட்டு கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத ஆஸ்பத்திரி என்றால் எதிலுமே கூடாது. பழைய பாலிசிகளும் 2021 ஏப்ரலிலிருந்து இந்தச் சொற்களுக்கு மாற வேண்டும் என்று உத்தரவு. அதாவது, 2022ல் அப்பாவின் பாலிசிக்கும் இது பொருந்தும். ராத்திரி ஒன்றரை மணிக்கு 6ஆம் பக்கத்தில், வரையறைகள் என்ற தலைப்பின் கீழ், அந்த மூன்று விலக்கும் அப்படியே அச்சாகியிருந்ததைப் பார்த்தேன். கம்பெனி தன் கையாலேயே எழுதி வைத்திருந்தது.

கணக்கு இதுதான். கையுறை, டயப்பர் மாதிரிச் சில்லறைகளை விட்டுவிடுகிறேன். வரம்பு நாளுக்கு 3,000. நாங்கள் எடுத்த அறை 6,000. அட்மிஷன் கவுன்ட்டரில் "இப்போதைக்கு அதுதான் காலி" என்றார்கள், நான் சரி என்றேன். ஆகவே விகிதம் பாதி. நான்கு நாள் வாடகை 24,000, சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் சேர்த்து 1,00,000, மருந்தும் பிளேட்டும் 40,000, டெஸ்டுகள் 16,000. அவர்கள் 1,80,000ஐ அப்படியே பாதியாக்கி 90,000 கொடுத்தார்கள். விதிப்படி வாடகையில் 12,000, டாக்டர் வகையறாவில் 50,000, மருந்து 40,000 முழுசாக, டெஸ்ட் 16,000 முழுசாக, மொத்தம் 1,18,000 வந்திருக்க வேண்டும். வித்தியாசம் 28,000.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒரு பக்க மெயில் எழுதினேன். கோபம் எதுவும் இல்லை, பக்க எண், விதியின் வாசகம், இந்தக் கூட்டல் கணக்கு, இறுதி பில்லின் நகல். மூன்று வாரத்தில் 28,000 அப்பாவின் கணக்கில் வந்தது. மன்னிப்போ விளக்கமோ இல்லை. மீதி 62,000 என் தப்பு. அட்மிஷன் சமயத்தில் "எங்க பாலிசிக்கு எவ்வளவு ரூம் வரைக்கும் எலிஜிபிள்?" என்ற ஒரே கேள்வியை நான் கேட்காததன் விலை. 3,000 ரூபாய் அறை மறுநாள் காலியானது, மாறியிருக்கலாம்.

மெயிலுக்கு ஒரு மாசத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். 1998ல் உருவான ஏற்பாடு இது. கட்டணம் இல்லை. வக்கீல் வைக்கத் தேவையில்லை, சொல்லப் போனால் வக்கீலுக்கு அங்கே இடமே இல்லை, பாலிசிதாரரோ வாரிசோதான் பேச வேண்டும். 50 லட்சம் வரைக்கும் உள்ள வழக்குகளை எடுக்கிறார்கள். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கன்ஸ்யூமர் கோர்ட்டைத் தெரிந்த அளவுக்குக் கூட இதை நம் ஆட்களுக்குத் தெரியவில்லை.

அப்பா விஷயம் அபார்ட்மென்ட்டில் பரவியதும், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொருவராகப் பாலிசியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். நான் வைத்தியமும் படிக்கவில்லை, சட்டமும் படிக்கவில்லை. ஆனால் நீளமான, அலுப்பூட்டும் ஆவணத்தைப் பொறுமையாகப் படிப்பது என் தொழில். முதலில் அறை வாடகை வரம்பு, அடுத்து காத்திருப்புக் காலம், அடுத்து நம் பங்காக எத்தனை சதவீதம் கட்டச் சொல்கிறார்கள் என்று தேடுவேன். இந்த மூன்றும் 2024 முதல் பாலிசியோடு கட்டாயம் தர வேண்டிய சுருக்கத் தாளில் இரண்டு மூன்று பக்கத்துக்குள் கிடைக்கும். அதை வட்டார மொழியிலும் கேட்டு வாங்கலாம். மேல் மாடி மாமாவுக்கு, சலித்துப்போன கம்பெனியை விட்டு வேறொன்றுக்கு மாறினாலும் காத்திருந்த வருஷங்கள் கூடவே வரும் என்பதே தெரியாது. 2011 அக்டோபரிலிருந்து இருக்கிற வசதி. டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்தில் தர வேண்டும், தாமதத்தால் கூடும் செலவைக் கம்பெனிதான் ஏற்க வேண்டும் என்ற 2024 விதியைச் சொன்னபோது அவர் சிரித்தார். அவருடைய சிரிப்புக்கும் காரணம் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தைத்தது வேறு. எங்கள் வீட்டில் சமைக்க வரும் அக்கா அந்தப் பக்கம் காபி டம்ளரை வைத்துவிட்டு நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள், "தம்பி, எங்களுக்கெல்லாம் இந்த மாதிரி ஒண்ணும் இல்லீங்களே" என்றார். நான் 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம், அது 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018ல் பிரதமர் திட்டத்தோடு இணைந்து 5 லட்சமானது என்று என் பாணியில் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தேன். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும் என்றதும், "பையன் சம்பளமே அதுக்கு மேல போயிருமுங்களே" என்று நிறுத்தினார்.

பையனுக்கு எங்கே வேலை? கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறை. சம்பளம் 17,000. சம்பளச் சீட்டை அடுத்த வாரம் கொண்டு வந்தார். அதில் பி.எஃப். வரிக்குக் கீழே ஒரு சின்ன வரி: இ.எஸ்.ஐ., 128 ரூபாய். மூன்று வருஷமாக மாசாமாசம் பிடித்திருக்கிறார்கள். முதலாளி தன் பங்கு 553ஐயும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். அதே மூன்று வருஷத்தில் அக்கா டெங்குவில் படுத்து, தனியார் ஆஸ்பத்திரியில் 34,000 ரூபாய் கட்டி, அந்தக் கடனுக்கு இன்னும் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மகனைச் சார்ந்திருக்கும் தாய்க்கும் அந்த 128 ரூபாயில் பங்கு உண்டு. சிங்காநல்லூரில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. பையனுக்கு அது தன் கையில் அடிபட்டால் போகிற இடம் என்று மட்டும்தான் தெரியும். அடையாள அட்டையில் அவன் பெயர் ஒன்றுதான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் குடும்பத்தார் விவரம் கேட்டிருக்கிறார்கள், அம்மாவின் ஆதார் கையில் இல்லாததால் அப்புறம் தருகிறேன் என்று விட்டிருக்கிறான்.

1944ல் அடார்க்கர் எழுதினது, 1952ல் நேரு தொடங்கி வைத்தது, 1955ல் இந்த ஊருக்கே முதலில் வந்தது. அக்காவின் வீட்டுக்கு மட்டும் ஒரு ஆதார் நகல் குறைவாக இருந்தது.

பட்டறையில் கணக்குப் பார்ப்பவரின் நம்பரை வாங்கிப் பேசினேன். நல்ல மனுஷர், "அனுப்புங்க சார், சேர்த்திடலாம்" என்றார். பத்து நாளில் புது அட்டை வந்தது. அக்கா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறந்த வருஷத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். பார்த்தேன், ஆதாரிலேயே அப்படித்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அதைத் திருத்தப் போக வேண்டும்.